அம்மம்மாவும் நானீயும்: தீவகத்து வழக்கும் இந்தி வழக்கும்

ஈழத்துப் பிள்ளைகள் படிக்கும் கதைகளில் வடை சுடுபவள் பாட்டி. ஆயின் யாழ்ப்பாணத்துத் தீவக வீடுகளில் அப்பெயரால் அழைக்கப்படுவோர் மிக அரியர். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பிள்ளைகள் தாயின் தாயை அம்மம்மா என்பர். தந்தையின் தாயை அப்பம்மா என்றோ அப்பாச்சி என்றோ விளிப்பர். இருவரையும் ஒருங்கே குறிக்கும் பாட்டி என்பது அவர்களுக்குப் புத்தகத்தின் வழியே அறிமுகமாகும் சொல். கடல் கடந்து நெடுந்தொலைவிலுள்ள வட இந்தியாவில் இந்தி பேசும் பிள்ளையும் இவ்விருவரையும் ஒரு பெயரால் அழைப்பதில்லை. அங்கே தந்தையின் தாய் தாதீ; தாயின் தாய் நானீ. தமிழின் பொதுவழக்கு ஒன்றாக்கிய இருவரைத் தீவகத்துத் தமிழும் இந்தியும் பிரித்தே வைத்திருக்கின்றன. இப்பிரிவு இரு புலத்திலும் ஒரே காரணத்தால் அமைந்ததா என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் இந்திச் சொற்களின் ஒலியை நோக்குதல் வேண்டும். ஏனெனில் அவற்றைத் தமிழெழுத்தில் வரையும்போதே இடர் தொடங்கிவிடுகிறது. தமிழில் வல்லெழுத்து மொழிமுதலில் ஒலிப்பின்றியும், இரண்டு உயிர்களுக்கு இடையில் ஒலிப்புடனும் வருவது இயல்பு. 'தாதி' என எழுதினால் முதலெழுத்து தலையின் தகரமாகவும், அடுத்தது பாதியின் தகரமாகவும் ஒலிக்கும். இந்திச் சொல்லிலோ இரண்டும் ஒரே ஒலி, இரண்டுமே ஒலிப்புடையன. பாதி என்னும் சொல்லின் இறுதியிலுள்ள தகரத்தை எடுத்துச் சொல்லின் தொடக்கத்திலும் வைத்துக் கூறிப் பழகினால் அவ்வொலி கைகூடும். நாநுனி மேற்பற்களின் பின்புறத்தைத் தொடவேண்டும். சற்றே உள்வாங்கி அண்ணத்தைத் தொடின் சொல் 'டாடி' ஆகிவிடும். ஆங்கிலம் பயின்ற பிள்ளை தந்தையை அழைக்கும் சொல் அது. பாட்டியை அழைக்கப் புகுந்து தந்தையை அழைப்பது நகைப்புக்கிடமாகும். மூச்சைத் தள்ளி ஒலித்தலும் பிழையே. இந்தியில் மூச்சொலி சேர்ந்த தகரம் வேறோர் எழுத்தாகும்.

இவ்வொலி தமிழகத்தாரினும் யாழ்ப்பாணத்தார்க்குச் சற்றுக் கூடுதலாகக் கடினமானது. தமிழகத்தில் பலர் தோசை என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒலிப்புடனேயே கூறுவர். யாழ்ப்பாணத்தவரோ அதனைத் தோட்டம், தோணி என்பவற்றின் தகரமாகவே ஒலிப்பர். மொழிமுதல் வல்லெழுத்து ஒலிப்பற்றது என்னும் பழைய நெறியைத் தீவகத்தார் நாக்கு இன்னும் விடவில்லை. அந்நெறி பெருமைக்குரியதே, ஆயின் தாதீயை அழைக்க அது தடையாகிறது.

பிறிதோர் இடரும் உண்டு. ஈழத்தில் தாதி என்பது மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பெண்ணுக்குரிய பெயர். இந்திக் கதையொன்றைத் தமிழாக்குவோர் 'தாதி கதை சொன்னாள்' என எழுதிவிட்டால், தீவகத்து வாசகர் மனத்தில் வெள்ளுடை அணிந்த ஒருத்தியே தோன்றுவாள். இவ்விரு சொற்களுக்கும் பிறப்பால் உறவில்லை. ஈழத்து வழக்கிலுள்ள தாதி, செவிலித்தாயைக் குறிக்கும் 'தாத்ரீ' என்னும் வடசொல்வழி வந்தது. இந்தித் தாதீயோ மழலை வாயில் இரட்டித்துப் பிறந்த சொற்களின் இனத்தைச் சேர்ந்தது. எனவே தமிழில் எழுதுவோர் ஈற்று ஈகாரத்தை நீட்டித் தாதீ என எழுதுவதே தக்கது. அது குழப்பத்தைத் தவிர்ப்பதுடன் உண்மை ஒலியையும் காட்டும். தீ, நீ போன்ற ஓரெழுத்து மொழிகளன்றி ஈகாரத்தில் முடியும் சொற்கள் தமிழில் அரியவாதலால், தமிழர் நாவு அவ்வீற்றைக் குறுக்கிவிடுவது வழக்கம். இந்தியில் அந்நெடில் குறுகுதல் ஆகாது.

நானீ என்பதில் அத்துணை இடரில்லை. தமிழ் எழுத்துமுறை முதலில் நகரத்தையும் இடையில் னகரத்தையும் வேண்டினும், இந்தியில் இரண்டிடத்தும் ஒரே எழுத்தே வரும். ணகரமாக மட்டும் ஒலித்தலாகாது. ஒலித்தால் வெட்கமுற்று என்னும் பொருளில் 'நாணி' ஆகும். இச்சொல்லின் வேர் மிகப் பழையது. ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலத்தில் 'நனா' என்னும் சொல் தாயைக் குறித்து வந்துள்ளது. தெலுங்கில் இதே ஒலியமைப்புடைய 'நான்ன' என்பது தந்தையைக் குறிக்கும். நானீயின் கணவர் இந்தியில் நானா. நயினாதீவில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். ஈழத்து முஸ்லிம்களின் தமிழில் நானா என்பது மூத்த சகோதரனுக்குப் பெயர். மூத்த சகோதரியைத் தாத்தா என்பாரும் அவர்களுள் உளர். தமிழகத்தில் தாத்தா பாட்டனாதலும், சிங்களத்தில் அதே ஒலி தந்தையாதலும் நோக்குக. மழலை வாயிற் பிறக்கும் இத்தகைய சொற்களில் ஒலியொப்புமை ஒன்றையே பற்றி உறவு கற்பிக்க முனைவோர் இவ்வோர் எடுத்துக்காட்டைக் கண்டேனும் தயங்குதல் வேண்டும்.

மரியாதை காட்டும் முறையிலும் ஓர் ஒப்புமை உண்டு. இந்தி பேசுவோர் தாதீஜீ, நானீஜீ என விகுதி சேர்த்தும், தாதீமா, நானீமா எனத் தாய்ப்பெயர் சேர்த்தும் வழங்குவர். யாழ்ப்பாணத் தமிழில் தாயார், தமையனார், பேத்தியார் என 'ஆர்' விகுதி அப்பணியைச் செய்யும். ஆயின் ஜீ நேரில் விளிக்கும்போதும் வரும். ஆர் விகுதி பிறரிடம் எடுத்துரைக்கும்போது மட்டுமே வரும். 'அம்மம்மா' என்று அழைக்கும் பிள்ளை 'அம்மம்மாவார்' என அழைப்பதில்லை.

மேலே பேத்தியார் என்றது பெயர்த்தியையன்று, பாட்டியையே. பழைய யாழ்ப்பாண வழக்கில் பேரன் பாட்டனையும் பேத்தி பாட்டியையும் குறித்தன. பெயரன், பெயர்த்தி என்பனவே மருவி இவ்வாறாயின. பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் மரபில், பெயர் கொடுத்தவரும் பெயர் கொண்டவரும் ஒரு சொல்லாற் சுட்டப்பட்டமை வியப்பன்று. தமிழகத்தார் அச்சொல்லைக் கீழ்த்தலைமுறைக்கு உரியதாக்கினர். யாழ்ப்பாணத்தார் மேல்தலைமுறைக்கும் வைத்துக்கொண்டனர். 'என்ர பேரனார் தோணி வைத்திருந்தவர்' எனத் தீவக முதியவர் ஒருவர் கூறக் கேட்கும் தமிழகத்தார் திகைப்பது இதனாலேயே.

பாட்டி என்னும் சொல்லின் வரலாறோ இன்னும் சுவையுடையது. தொல்காப்பிய மரபியல் அச்சொல்லைப் பன்றி, நாய் முதலியவற்றின் பெண்பாற் பெயராகக் கூறுகிறது. சங்கச் செய்யுட்களில் அது பாணர்குலப் பெண்ணையும் குறித்தது. தாயைப் பெற்றவளும் தந்தையைப் பெற்றவளும் பாட்டியானது பிற்கால வளர்ச்சி. தீவகத்தார் அச்சொல்லை வீட்டுக்குள் விடாதது குறித்துத் தமிழறிஞர் கவலைகொள்ள வேண்டியதில்லை.

ஆச்சி என்பது வேறு வகை. யாழ்ப்பாணத்தின் முற்பட்ட வழக்கில் தந்தை அப்பு, தாய் ஆச்சி. அப்பா, அம்மா என்பன பரவியபின் அப்புவும் ஆச்சியும் ஒரு தலைமுறை மேலேறிப் பாட்டனையும் பாட்டியையும் குறித்தன. பழைய பொருளின் எச்சம் ஒன்று இன்றும் ஊரிற் கேட்கும்: சண்டையின்போது வாயில் வரும் 'கோச்சி' என்னும் சொல். அதன் பொருள் உன் தாய் என்பது. கொப்பர், கொம்மா, கொக்கா, கொண்ணை என முன்னிலை உரிமையைச் சொல்லின் முதலிலே அடக்கும் இம்முறை, சங்கத் தமிழில் என் தாயை யாய் என்றும் உன் தாயை ஞாய் என்றும் வேறுபடுத்திய முறையை நினைவூட்டுவது. அப்பாவின் ஆச்சி அப்பாச்சி ஆயினாள்; அம்மாவின் ஆச்சி அம்மாச்சி. வட மாகாணத்தில் மகளிர் நடத்தும் பாரம்பரிய உணவகங்களுக்கு அம்மாச்சி எனப் பெயரிட்டமையால் அச்சொல் இன்று பெயர்ப்பலகைகளிலும் ஏறிவிட்டது.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகில் நாகபூசணி அம்மன் கோவிலுக்குப் போவோரும் நாகதீப விகாரைக்குப் போவோரும் தோளுரசி இருப்பர். ஒருவர் மொழி மற்றவர்க்குப் பெரும்பாலும் விளங்காது. ஆயினும் படகு ஆடும்போது முதியவளின் கையைப் பற்றும் பிள்ளை 'ஆச்சி' எனக் கூவினால், அப்பிள்ளை தமிழா சிங்களமா என்பதை அச்சொல்லைக் கொண்டு அறிதல் இயலாது. சிங்களத்திலும் பாட்டி ஆச்சியே. அக்கா, அம்மா போன்ற சொற்களும் அவ்வாறே இரு மொழிக்கும் பொதுவாயுள்ளன. அத்தீவின் முஸ்லிம் மக்களிடையேயும் ஈழத்து முஸ்லிம்களின் பொதுவழக்குப்படி தாயின் தாய் உம்மும்மா, தந்தையின் தாய் வாப்பும்மா. சொல் வேறாயினும் அமைப்பு அம்மம்மா, அப்பம்மா என்பவற்றின் அமைப்பே.

இனி, பிரிவின் காரணத்துக்கு வருதல் பொருந்தும். தோமஸ் திரவுட்மன் 1981இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய ஆங்கில நூல் இதற்கு வழிகாட்டும். திராவிட முறையில் பெற்றோர் தலைமுறையில் பிரிவு கூர்மையானது: தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பா அல்லது சித்தப்பா, தாயின் உடன்பிறந்தான் மாமா. பாட்டன் பாட்டி தலைமுறையிலோ அக்கூர்மை மழுங்கிவிடும். மாமன் மகளை மணந்த ஒருவனின் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அதன் அப்பம்மாவும் அம்மாவின் தந்தையும் உடன்பிறந்தோர். எனவே அப்பம்மாவும் அம்மம்மாவும் மச்சாள்மார். தந்தைவழி எது, தாய்வழி எது எனப் பிரிக்கவியலாதவாறு இரண்டும் ஒரே குடும்பத்தில் முடிச்சிடப்பட்டுவிடுகின்றன. இருவர்க்கும் பாட்டி என்னும் ஒரு பெயர் போதுமாகிறது. வட இந்திய இந்துக்களிடையே உறவுக்குள் மணம் பொதுவாக விலக்கப்பட்டது. அங்கே தாதீயும் நானீயும் திருமணத்துக்கு முன் தொடர்பற்ற இரு குடும்பத்தார். இரு பெயர் வேண்டுவது இயல்பே.

இக்கொள்கையின்படி, மச்சான் மச்சாள் மணம் வழங்கிய யாழ்ப்பாணத்தில் ஒரு பெயரே இருந்திருத்தல் வேண்டும். ஆயின் இரண்டு உள. காரணத்தைச் சொத்துரிமையிலும் குடியிருப்பிலும் தேடுவதே பொருத்தமாகும்.

1706இல் இலங்கையின் ஒல்லாந்த ஆள்பதி சைமன்ஸ் விடுத்த பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அந்நாட்டு வழமைகளைத் திரட்டி 1707 தை மாதத்தில் அளித்தார். தமிழாக்கத்தைப் பன்னிரு முதலிமார் படித்துச் சரிபார்த்தனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானியர் ஆட்சியிலும் சட்டவலுப் பெற்றது. அதன்படி தந்தைவழி வந்த சொத்து முதுசம். பெண் மணத்தோடு கொண்டுவருவது சீதனம். கணவன் மனைவி வாழ்நாளில் ஈட்டுவது தேடிய தேட்டம். முதுசம் ஆண்மக்களை நோக்கியும் சீதனம் பெண்மக்களை நோக்கியும் செல்வது பழைய நெறி. ஆக, காணியும் வீடும் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் இறங்கும் ஒரு பெண்வழி ஓட்டம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வழியுரிமையைப் பெரிதும் மாற்றியபோதும் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் மறையவில்லை.

தேசவழமையில் வரும் ஒரு விதி ஈண்டு விதந்து கூறத்தக்கது. மனைவி இறந்து, இளம்பிள்ளைகளையுடைய கணவன் மறுமணம் செய்ய விரும்பினால், அவனுடைய மாமியாரோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளை வளர்ப்பதற்காக ஏற்பது வழமை. அப்போது இறந்த மனைவி கொண்டுவந்த சீதனம் முழுவதையும் அம்மணத்திற் தேடிய தேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு அவன் ஒப்படைத்தல் வேண்டும். சட்டம் மாமியார் என்பது பிள்ளையின் நிலையில் அம்மம்மாவேயாகும். தாயற்ற பிள்ளைக்கு அடுத்த காப்பாளர் யாவர் என்னும் வினாவுக்கு வழமை முதலிற் சுட்டியது அவளையே. காணியையும் பிள்ளையையும் ஒருசேரப் பொறுப்பேற்பவளை மற்றப் பாட்டியோடு ஒரே பெயரால் அழைத்தல் எங்ஙனம் இயலும்?

குடியிருப்பும் இதற்கேற்ப அமைந்தது. மணமகன் சீதன வீட்டுக்கு வந்து வாழ்வது யாழ்ப்பாணத்தில் பரவலான முறை. நெடுந்தீவில் வளவுகளைச் சூழ்ந்திருப்பது பவளக்கல் அடுக்கிய மதில். பிள்ளை பிறந்து வளரும் மதிலுக்குள்ளேயோ அடுத்த மதிலுக்குள்ளேயோ அம்மம்மா இருப்பாள். அப்பம்மாவைக் காணப் பல மதில்களைக் கடந்து செல்லவேண்டும். தந்தை வேறு தீவினராயின் கடலையே கடக்கவேண்டும். அம்மம்மா அன்றாடத்துக்குரியவள், அப்பம்மா நல்லநாளுக்குரியவள்.

இந்தி வழங்கும் நாட்டில் இந்நிலை அப்படியே தலைகீழாகும். அங்கே மணமகள் கணவன் வீட்டுக்குச் செல்வாள். எனவே பிள்ளை வளரும் வீட்டின் மூத்தவள் தாதீ. நானீ வேற்றூரில் இருப்பவள். நானீ வீட்டுக்கு 'நனிஹால்' எனத் தனிப்பெயரே உண்டு. விடுமுறைக்குச் செல்லும் இடம், கண்டிப்பின்றித் தின்பண்டம் கிடைக்கும் இடம் என்ற இனிமை அப்பெயரைச் சூழ்ந்திருக்கும். பெருந்துன்பத்தில் சிக்குண்டவனை 'நானீ நினைவுக்கு வந்துவிட்டாள்' எனக் கூறும் மரபுத்தொடரும் இந்தியில் உண்டு. துன்பத்தில் நினைக்கப்படுபவள் அருகில் இல்லாதவளே அன்றோ. ஆகவே நானீ என்பதை அம்மம்மா என மொழிபெயர்ப்பது அகராதிப்படி சரி; வாழ்க்கைப்படி பிழை. வீட்டில் அவள் வகிக்கும் இடத்தை நோக்கினால் தீவகத்து அம்மம்மாவுக்கு நிகரானவள் தாதீயே. இந்திக் கதையையோ திரைப்படத்தையோ தமிழில் தருவோர் இதனை மனங்கொண்டால் பல உரையாடல்கள் தெளிவுறும்.

இவ்விளக்கம் எல்லா மொழிக்கும் பொருந்துமெனக் கூறுதல் இயலாது. மலையாளம் இதற்கு அரணாகும். அம்மம்ம, அச்சம்ம என அங்கும் இருவர் பிரிவர். தாய்வழித் தறவாடும் மருமக்கத்தாயமும் நிலவிய நாடு அது. தெலுங்கோ இடையூறாகும். அங்கே அம்மம்ம, நானம்ம என்னும் பிரிவு உண்டு. ஆயின் யாழ்ப்பாணத்துப் பெண்வழிச் சீதன ஓட்டத்தையோ மருமக்கத்தாயத்தையோ ஒத்த நிலை ஆந்திரத்தின் பொதுநெறியன்று. கன்னடத்தில் அஜ்ஜி, மராத்தியில் ஆஜீ என ஒரு சொல்லே இரு பாட்டிமாரையும் குறிக்கும். மராத்தி இந்தியின் இனமொழியாயிருந்தும் தென்மொழிகளின் பக்கம் சாய்வது, இச்சொற்கள் மொழிக்குடும்பத்தை மட்டும் பின்பற்றுவன அல்ல என்பதற்குச் சான்று. தெலுங்குத் தடை நீங்கும்வரை, யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிய காரணத்தை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்வதே நேர்மை.

ஒல்லாந்தர் பற்றி ஒரு செய்தி. தீவகத்துக்குத் தம் நாட்டுப் பெயர்களைச் சூட்டியவர் அவர்கள்: ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இறுதியது ஆங்கிலத்தில் இன்றும் நிலவுகிறது. அதே ஒல்லாந்த கிழக்கிந்தியக் கும்பனியின் அலுவலரான கெத்தலார் என்பவரே இந்துஸ்தானி மொழிக்கு முதல் இலக்கணம் வரைந்தவர். அதன் படியொன்று 1698இல் இலக்னோவில் எழுதப்பட்டது. ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வணிகக் கும்பனியின் இரு அலுவலர், ஒருவர் தாதீயும் நானீயும் வழங்கும் மொழியையும் மற்றவர் அம்மம்மாவின் உரிமையையும் ஏட்டில் ஏற்றினர். இருவரும் கும்பனிப் பணியின் பொருட்டே அதனைச் செய்தனர் எனினும் பயன் பெற்றது பிற்கால ஆய்வு.

தீவகத்தார் காதில் இந்தி விழுந்தது மிகப் பிற்பட்டே. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது இலங்கை வானொலியின் இந்திச் சேவை பெருஞ்செல்வாக்குப் பெற்றது. அப்பாடல்கள் பொருள் விளங்காமலே ஈழத்திலும் முணுமுணுக்கப்பட்டன. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை வடக்கில் நிலைகொண்ட ஆண்டுகளில் இந்தி துப்பாக்கியோடு சேர்ந்து கேட்டது. அந்நினைவு பலர்க்குக் கசப்பானது. உறவுச் சொற்களைக் கற்கும் சூழல் அதுவன்று.

கற்கும் சூழல் வாய்த்தது புலம்பெயர்ந்த நாட்டிலேயே. 1990இல் போர் தீவகத்தை எட்டியபோது மக்கள் பெருமளவில் வெளியேறினர். கொழும்பு, கனடா, பிரான்ஸ் எனச் சிதறினர். தொறன்ரோவின் பள்ளிக்கூடத்தில் தீவகத்துப் பேரப்பிள்ளை அருகில் அமர்வது தாதீயும் நானீயும் உடைய இந்திப் பிள்ளையோ பஞ்சாபிப் பிள்ளையோ ஆகலாம். அப்பிள்ளைக்குத் தாதீயின் முதலெழுத்து வில்லங்கமில்லை. ஆங்கிலம் அதன் நாவைப் பழக்கிவிட்டது. பல்லைத் தொடாமல் அண்ணத்தைத் தொடும் பிழை மட்டும் எஞ்சும். ஆயின் வேறொன்று கைநழுவுகிறது. உரையாடல் ஆங்கிலமானபின் இரு பாட்டிமாருக்கும் ஒரு சொல்லே போதுமாகிறது. வேறுபாடு வேண்டின் ஊர்ப்பெயரோ நகர்ப்பெயரோ முன்னே சேர்க்கப்படுகிறது. எவள் வீடு எவள் வழியாக வந்தது என்பதைச் சொல்லே சொல்லிக்கொண்டிருந்த காலம் அங்கே முடிகிறது.

போர் ஓய்ந்தபின் காணி தேடி வருவோர்க்கு அவ்வறிவு வேண்டியிருக்கிறது. நெடுந்தீவில் மதில் நிற்க வீடு இடிந்த வளவுகளும், ஊர்காவற்றுறையில் பற்றை மூடிய வளவுகளும் உள. கையிலுள்ளது பழைய சீதன உறுதி. அதில் இருப்பவை கொடுத்தவள் பெயரும் பெற்றவள் பெயரும். கொடுத்தவள் தமக்கு என்ன முறை எனக் கேட்டால், ஊரில் வளர்ந்தவர் 'அம்மம்மாவின் அம்மா' என உடனே விடையிறுப்பர். வெளிநாட்டிற் பிறந்தவர் தொலைபேசியை எடுத்துத் தாயிடம் கேட்பர்.